சந்தனத்துக்குக் காமாலை வந்த நாள்

டிஎன்ஏ நகலாகிற அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் அழகாக வரைகிறீர்கள். முறுக்கேறிய இரட்டை இழை, அது நடுவில் பிளந்து கவட்டை மாதிரி விரிகிற இடம், இந்தப் பக்கம் நீளமாக ஒரு அம்பு, அந்தப் பக்கம் துண்டு துண்டாகச் சில அம்புகள். போன வாரம் லேபுக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பலகையில் அதை வரைந்து காட்டினாள். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகல் அறைக்குள் மட்டும் போட வேண்டிய செருப்போடு அவள் ஹாலுக்கு வந்திருந்தாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அனுபவம் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வேலைக்குச் சேர்ந்தது கண்ணாடிக் குழாய் கழுவ. ஓய்வு பெறும்போது சாம்பிள் வாங்கி வைக்கிறவள். நடுவில் எதுவும் ஆகவில்லை. செவிலிமேட்டில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை நடந்து, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இதை வைத்து என்னைக் கேலி செய்து பொழுதைக் கழித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது மருந்து விற்கிறார்கள்.

முதலில் நீங்கள் வரைந்த படம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது லேபை நடத்திய மேடம். என் மகள் வயது. சின்ன காஞ்சிபுரத்தில் மடி, ஆசாரம் எல்லாம் பார்க்கிற வீடு. மடி என்பது எங்களைப் போன்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்ன வார்த்தை. அதனால் லேபிலும் அவர் "இதைத் தொடாதீங்க, அங்கிருந்து இங்க வராதீங்க" என்று ஆரம்பித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். மேடம் உட்கார வைத்துச் சொன்னார்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடம் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்கிறது. டிஎன்ஏ என்பது இரண்டு இழை. ஓர் இழையில் ஏ என்ற எழுத்து இருந்தால் எதிரில் டி இருக்கும். ஜி இருந்தால் எதிரில் சி. ஒரு நொதி இரண்டு இழையையும் பிரித்துக்கொண்டே போகிறது. பிரிந்த ஒவ்வொரு பழைய இழையும் தனக்கு எதிரில் எந்த எழுத்து வரவேண்டும் என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. நகல் எடுக்கிற நொதி அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சேர்க்கிறது. கடைசியில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. இரண்டிலுமே ஓர் இழை பழசு, ஓர் இழை புதுசு.

இந்த நொதிக்கு ஒரு குறை. வெறும் இடத்தில் அதற்கு ஆரம்பிக்கத் தெரியாது. "உங்க வீட்டுத் தறியில பாவு முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று மேடம் கேட்டார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். பழைய பாவின் முனைகளை அச்சிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு திரித்துப் பிணைப்போம். யாரும் மறுபடி முதலிலிருந்து கோப்பதில்லை. இதுவும் அப்படித்தான். வேறொரு நொதி வந்து சின்னதாக ஒரு முனை போட்டுக் கொடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இது ஓட ஆரம்பிக்கும். அதுவும் ஒரே திசையில்தான் ஓடும். எதிர் இழையில் அந்தத் திசை பின்பக்கமாகப் போவதால், அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டு போட்டு, பிறகு இன்னொரு நொதி அவற்றை ஒட்டவேண்டும். உங்கள் படத்தில் துண்டு துண்டாக வருகிற அம்பு அதுதான். அம்பு வரையத் தெரிந்த எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. பதில் கேட்டு வயிறு எரிய வேண்டாம்.

ஓர் எழுத்தைப் போட்டதும் அது சரியாக உட்கார்ந்ததா என்று அந்த நொதி பார்க்கும். தப்பாக இருந்தால் ஒரு அடி பின்னால் வந்து, அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு போடும். இதை மேடம் சொன்னபோதுதான் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

ஆனால் நாம் குழாயில் நடத்துவது இதன் மொட்டை வடிவம். இழையைப் பிரிக்கச் சூடு. ஆரம்ப முனையை நாமே செய்து போடுகிறோம். காமாலைக் கிருமியைத் தேடுகிறோம் என்றால், அந்தக் கிருமியின் டிஎன்ஏவில் மட்டும் பொருந்துகிற முனை. நகல் எடுக்கச் சூடு தாங்கும் ஒரு நொதி. அந்த நொதிக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. உடம்பில் ஒரு தடவை எடுத்தாயிற்று, போதும் என்று நிறுத்துவதற்கு ஏற்பாடு உண்டு. குழாயில் அதுவும் இல்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கண்ணுக்குத் தெரியாதது கோடிக்கணக்கில் பெருகும் வரை ஓடும். அந்த முதல் இழை நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்ததா, உங்கள் செருப்பிலிருந்து வந்ததா என்று அது கேட்காது.

அதற்காகத்தான் இரண்டு அறை. சுத்த அறையில் மருந்து கலப்பது, ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவைச் சேர்ப்பது. நகல் அறையில் மெஷின். அங்கே பெருகியதைத் திறந்து, ஜெல் என்ற கஞ்சி வில்லையில் ஓட்டி, ஊதா விளக்கில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்தப் பழைய முறைதான். திறக்கும்போது காற்றில் கலக்கிற துளியில் எத்தனை நகல் இருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. சுத்த அறையிலிருந்து நகல் அறைக்குப் போகலாம், திரும்பி வரக்கூடாது. கோயிலைச் சுற்றுவது போல ஒரே திசை. இது புரியாதவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது என்று நினைத்தேன். ஆயுத பூஜை வந்தது.

மேடம் அன்றைக்கு லீவு. வீட்டில் கொலு. மேனேஜர் ஹாலில் மேசை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, வாழைக்கன்று கட்டி, "எல்லா ஆயுதத்தையும் எடுத்துக்கினு வாங்கப்பா" என்றார். டெக்னீஷியன் பிரவீன் நகல் அறைப் பைப்பெட்டுகளைக் கை நிறைய எடுத்து வந்தான். சொட்டை அளந்து உறிஞ்சுகிற கருவிகள். நன்றாகப் படித்த பிள்ளை. படமும் நன்றாக வரைவான்.

"சார், நகல் ரூம் சாமான் அங்கியே இருக்கட்டும் சார். வெளிய வரக்கூடாதுன்னு மேடம் சொல்லிக்கிறாங்க" என்றேன் மேனேஜரிடம்.

"ஏன்க்கா, அதுவும் வருஷம் பூரா உழைச்சிக்கினுதான இருக்குது? அதுக்கு மட்டும் சந்தனம் வைக்கலன்னா சாமி கோச்சிக்காதா?"

"சாமி கோச்சிக்காது சார். மேடம் கோச்சிக்குவாங்க."

"நல்ல நாள்ல உனக்கு இன்னா பயம். போய் பொரி கட்டு."

பிரவீன் சமாதானம் சொன்னான். "நாளைக்கு ஸ்பிரிட் போட்டு தொடச்சிடறேன்க்கா. இன்னா ஆயிடப் போவுது."

ஸ்பிரிட்டில் துடைத்தால் கிருமி சாகும். நகல் சாகாது, அதற்கு உயிரே கிடையாதே. பிளீச்சிங் கரைசல் போட்டால்தான் உடையும். இதை அவன் பரீட்சையில் எழுதித் தேறியிருப்பான்.

ஒரே கிண்ணம், ஒரே விரல். மேனேஜர் முதலில் நகல் அறைப் பைப்பெட்டுகளுக்குப் பொட்டு வைத்தார். அதே விரலைக் கிண்ணத்தில் தொட்டு, சுத்த அறைப் பைப்பெட்டுகளுக்கு வைத்தார். மருந்து வைக்கிற தாங்கிக்கும் ஒன்று. எனக்கும் நெற்றியில் ஒன்று வைக்க வந்தார். நான் சாம்பிள் ஃபிரிட்ஜ் பக்கம் போய்விட்டேன். மேடத்துக்குப் போன் போட்டேன். கொலு வைத்த வீட்டில் யார் போனை எடுப்பார்கள்.

மறுநாள் விஜயதசமி. மேடம் வருவதற்குள், "நல்ல நேரம் போவுது, மொத டெஸ்ட்ட போடு" என்று மேனேஜர் பிரவீனை விரட்டினார். அந்த முதல் டெஸ்ட் தனலட்சுமியின் ரத்தம்.

தனலட்சுமியின் அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். இரண்டு சிறுநீரகமும் போய், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இவள் ஒன்று கொடுப்பதாக ஏற்பாடு. பொருத்தம் எல்லாம் சரி. ஆனால் எப்போதோ காமாலை வந்துபோன அடையாளம் அவள் ரத்தத்தில் தெரிந்ததால், இப்போது அந்தக் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். இருந்தால், ஆபரேஷன் இல்லை. அவள் மாமியார் வீட்டில் யாருக்கும் அவள் கொடுப்பதில் இஷ்டம் இல்லை. காரணம் ஒன்று கிடைக்காதா என்று காத்திருந்தார்கள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாம்பிள் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்தால் ஊர்க்கதை எல்லாம் தானாக வரும்.

அவள் கணவர் கம்பெனி பஸ் டிரைவர். ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா போன் செய்துகொண்டே இருந்தார்.

"இவுரு வேண்டிக்கினு இருக்காருக்கா, பாசிட்டிவ் வரணும்னு" என்றாள் தனலட்சுமி என்னிடம்.

"ஏய், நான் எப்போ சொன்னேன்?"

"வாயால வேற சொல்லணுமா? காலைலேந்து கோபுரம் இருக்கிற பக்கமா பாத்து கும்பிட்டுக்கினே இருக்கீங்க."

"உனக்கு ஒண்ணு ஆனா புள்ளைங்களுக்கு யாரு இருக்காங்க?"

"எங்கண்ணனுக்கு ஒண்ணு ஆனா எனக்கு யாரு இருக்காங்க?"

அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வரவில்லை. பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும்.

மேடம் வந்ததும் வாசலிலேயே பூஜைக் கதையைச் சொன்னேன். அதற்குள் குழாய்கள் மெஷினுக்குள் போய்விட்டிருந்தன. மேடம் கத்தவில்லை. பிரவீனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி வச்சியா?"

"வச்சேன் மேடம்."

"அப்ப அது சொல்லும்."

ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் ரத்தத்துக்குப் பதிலாக வெறும் தண்ணீர் விடுவோம். மற்றதெல்லாம் அப்படியே. தண்ணீரில் நகல் எடுக்க எதுவும் இல்லை, கோடு வரக்கூடாது. உங்களில் சிலர் இதை வீண் செலவு என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊதா விளக்கைப் போட்டார்கள். தனலட்சுமியின் இடத்தில் கோடு. தண்ணீரின் இடத்திலும் கோடு.

"தண்ணீல கொஞ்சம் லைட்டாத்தான் மேடம் இருக்கு" என்றான் பிரவீன்.

"லைட்டா கர்ப்பம்னு சொல்லுவியா?"

எட்டிப் பார்த்த மேனேஜருக்கு ஒரு கோடுதான் கண்ணில் பட்டது. நேராக ஹாலுக்குப் போய், "பாசிட்டிவ் மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். கணவர் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறைக்க அவரால் முடியவில்லை. தனலட்சுமி எழவே இல்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

"அப்போ எழுதிக் குடுத்துடுங்க சார், நாங்க கெளம்பறோம்" என்றார் அவர்.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு மேடத்திடம் கொடுத்தார். முதலாளியின் குரல் வெளியிலேயே கேட்டது. ஒரு தண்ணீர்க் கோட்டுக்காக ரிப்போர்ட்டை நிறுத்தினால் லேபின் பேர் என்ன ஆவது, கொடுத்து அனுப்பு, சந்தேகம் இருந்தால் அவர்கள் வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் சாரம்.

"சரி சார். தண்ணிக்கும் காமாலைன்னு ஒரு ரிப்போர்ட் அடிக்கட்டுமா? ரெண்டுலயும் நீங்களே கையெழுத்து போடுங்க" என்றார் மேடம். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

மேனேஜர் விடவில்லை. "தப்பா இருந்தா நாளைக்கு திருத்திக் குடுத்துக்கலாம் மேடம்." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் யாராவது சொல்லுவார்கள், அக்கறையான குரலில்தான் சொல்லுவார்கள். தாளைத் திருத்தலாம். அந்தத் தாள் மாமியார் கைக்குப் போய், அங்கிருந்து நாத்தனார் போனுக்குப் போய், வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் பூராவும் நகலாகிப் பரவிய பிறகு எந்த மேனேஜர் போய்த் திருத்துவார்? அவளுக்குத் தனித் தட்டு வைத்த பிறகு?

மேடம் ஹாலுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல கோடு வந்திருக்கு. வெறும் தண்ணியிலயும் அதே கோடு வந்திருக்கு. தண்ணிக்குக் காமாலை வராது. எங்க சாமான்ல ஏதோ கலந்திருக்கு. அதனால இன்னிக்கு எங்க லேப் சொல்ற எதையும் நீங்க நம்பக் கூடாது."

"இருக்குதா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார் கணவர்.

"தெரியலை."

"இவ்ளோ பெரிய லேப் வச்சிக்கினு தெரியலைன்றீங்க?"

"ஆமாம். தெரியலை."

"கோடு வந்துச்சின்னு ஒரு பேப்பர் குடுங்க. மீதிய நாங்க பாத்துக்கிறோம்."

"அந்த மீதி என்னன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் குடுக்க மாட்டேன்."

தனலட்சுமிதான் தலை நிமிர்ந்து கேட்டாள். "மறுபடி பாக்க முடியுமா மேடம்?"

மேடம் அன்றைக்குச் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுத்த அறையைத் தொடவே இல்லை. ஸ்கேன் டாக்டர் லீவில் இருந்ததால் அவர் அறையை வாங்கிக்கொண்டார். தெரிந்த கல்லூரி ஒன்றிலிருந்து பைப்பெட் கடன். பிரிக்காத புது மருந்து. தனலட்சுமியிடம் புதிதாக ரத்தம். நான் முழங்கை வரை கழுவிவிட்டு, கழுவினேனா என்று மறுபடியும் கழுவினேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

குழாய்களை வரிசையாக வைத்தபோது, மேடம் கூடுதலாக ஒன்று கேட்டார். "பூஜைக் கிண்ணம் எங்க?" ஷெல்பில் காய்ந்துபோய் இருந்தது. அதில் ஒரு பஞ்சுக் குச்சியை ஒற்றி, ஒரு நோயாளியின் சாம்பிளுக்குச் செய்கிற எல்லாவற்றையும், எல்லாவற்றுக்கும் கடைசியாக, கையுறை மாற்றி, அதற்கும் செய்தார்.

மேனேஜருக்குச் சிரிப்பு. "மேடம், சந்தனத்துக்கு எப்படி காமாலை வரும்?"

"நீங்க குடுத்திருந்தா வரும்."

மறுபடி ஊதா விளக்கு. தண்ணீரின் இடம் இருட்டு. தனலட்சுமியின் இடம் இருட்டு. சந்தனத்தின் இடத்தில், இதுவரை நான் பார்த்ததிலேயே பளிச்சென்று ஒரு கோடு.

பிரவீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்று மாலை சுத்த அறை முழுவதையும் பிளீச்சிங் கரைசலால் துடைத்தது அவன்தான், சுவர் உட்பட, யாரும் சொல்லாமல். மேனேஜர் விரலைக் கழுவிக்கொண்டதோடு சரி.

நெகட்டிவ் தாளைத் தனலட்சுமி கையில் கொடுத்தோம். கணவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இது மட்டும் நிச்சயமா மேடம்?" என்றார். மேடம் கோபிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, அவரை உள்ளே கூப்பிட்டு, எந்த இடம் தண்ணீர், எந்த இடம் மனைவி, எந்த இடம் சந்தனம் என்று ஜெல் படத்தில் காட்டினார். சந்தனத்தைப் பார்த்ததும் அந்த மனுஷன், "எங்க வண்டிக்கும் நேத்து வச்சோமே" என்றார். பயந்தவர்களுக்கு எங்கெங்கோ போகும் புத்தி. அவரிடம் நான், "பஸ்ஸுக்கு ஒண்ணும் வராது, நீங்க போங்க" என்றேன். ஆபரேஷன் நடந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு லேபில் இரண்டு சரஸ்வதி. ஒன்று ஹாலில். இன்னொன்று நகல் அறைக்குள். உள்ளே போன படம் வெளியே வராது. கிண்ணமும் இரண்டு. உள் அறைக் கிண்ணத்தின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷ், வெளிக் கிண்ணத்துக்குப் பச்சை. வைத்தது நான். மேனேஜர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். அவர் அப்படித்தான் சொல்லுவார்.

தனலட்சுமி வந்தாள். அண்ணன் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்; கூட்டத்துக்குள் வரக்கூடாதாம். தறிக்குப் போகிறாராம், பாதி நேரம். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்து ஆட்டினார்.

பூஜை முடிந்து, மேனேஜர் சிரித்த முகமாகக் கிண்ணத்தோடு வந்து, "வைச்சிக்கோம்மா" என்று தனலட்சுமியிடம் நீட்டினார். அவள் விரலைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது எந்த ரூம் சந்தனம்?"

மேனேஜர் கிண்ணத்தைத் தூக்கி அடியைக் காட்டினார். பச்சைப் புள்ளி. சரியான கிண்ணம்தான். நான் வாங்கி, இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

"பொரி மட்டும் எடுத்துக்கோம்மா" என்றேன்.